எள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர்

என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1876-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஒரு சோளக்காட்டுக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பிறந்தவர், அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கவுண்டி அலுவலகத்தில் கேட்டால் பிறப்புப் பதிவே 1880-இல்தான் தொடங்கியதாம். சரி, 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம் என்றால் அது 1921 வாஷிங்டன் தீ விபத்தோடு பெரும்பாலும் போயே போச்சு. கடைசியில் கைகொடுத்தது அயோவா மாநிலமே தனியாக எடுத்த 1925 கணக்கெடுப்பு. அதில் ஒவ்வொருவரிடமும் அப்பா பெயர், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். குடும்பப் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை, ஷ்மிட்டை ஸ்மித் என்று எழுதிவைத்த புண்ணியவான் யாரோ. அப்புறம் முதல் பெயரையும், கவுண்டிக்குள் இருக்கும் சின்னப் பிரிவான டவுன்ஷிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மூன்றாம் நாள் ராத்திரி, மை கசிந்த ஒரு வரியில் எள்ளுப்பாட்டி கிடைத்தார். உடனே மாமியாருக்குப் போன் போட்டேன். மணி பதினொன்று, திட்டவில்லை.