மண்ணின் பதம் பார்த்து ஓட்டுங்கள்: கார்ட் பந்தயத்தில் முதல் வார இறுதி

கார்ட் பந்தயம் என்றதும் தார்த்தளத்தில் வளைந்து நெளிந்து ஓடும் குட்டி வண்டிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது வேறு. களிமண்ணை நிரவி, தண்ணீர் தெளித்து, இறுக்கிச் செய்த நீள்வட்டப் பாதை. ஓட்டம் இடஞ்சுழியாக மட்டும். வலப்பக்கம் திரும்பும் வேலையே கிடையாது. “ஒரே பக்கம் திரும்புவதில் என்ன பெரிய வித்தை?” என்று நானும் கேட்டிருக்கிறேன். முதல் நாளிலேயே மூன்று முறை சுழன்று நின்ற பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டி எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஓட்டியதுதான் கார்ட்டின் தொடக்கம். இன்றைய மண்பாதைக் கார்ட்டும் அடிப்படையில் அதேதான்: சட்டம், எஞ்சின், நான்கு சக்கரங்கள். ஸ்பிரிங்கும் இல்லை, கியர்பெட்டியும் இல்லை. ஆகவே கற்க வேண்டியதில் பாதி வண்டிக்கு வெளியே, தரையில் கிடக்கிறது.

படி 1: வகுப்பையும் எஞ்சினையும் தேர்ந்தெடுங்கள்

வயது, எடை, எஞ்சின் ஆகியவற்றைப் பொறுத்துப் போட்டி வகுப்புகள் பிரியும். புதியவர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வகுப்பில் தொடங்குவதே நல்லது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் எல்.ஓ. 206 எஞ்சின், தொழிற்சாலையிலேயே முத்திரையிடப்பட்டு வரும். உள்ளே கை வைக்க முடியாது என்பதால் பக்கத்து வண்டிக்காரரின் பணம் உங்களை முந்தாது. சில வகுப்புகளில் எரிபொருள் மெத்தனால். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்கே தெரியாது. முதல் ஆண்டில் பெட்ரோலோடு இருந்துகொள்ளுங்கள்.

எதை வாங்குவதற்கு முன்பும் நீங்கள் ஓட்டப்போகும் பாதையின் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். எந்த டயர், என்ன எடை என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

படி 2: உடல் கவசம்

முழுமுக ஹெல்மெட், கழுத்துப்பட்டை, தேய்மானம் தாங்கும் ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி, விலா எலும்புக்கான கவசம். கார்ட்டில் சீட் பெல்ட் கிடையாது. வண்டியைச் சுற்றிப் பாதுகாப்புக் கூண்டு இல்லாததால், கவிழ்ந்தால் ஓட்டுநர் விலகி விழுவதே மேல் என்பது கணக்கு. நீண்ட முடியை ஹெல்மெட்டுக்குள் செருகுங்கள். கழுத்தில் துணி எதுவும் தொங்கக் கூடாது. சுழலும் சங்கிலி உங்கள் முதுகுக்கு அருகிலேயே இருக்கிறது.

ஹெல்மெட் கண்ணாடியின் மேல் கிழித்தெறியும் மெல்லிய தாள்களை மூன்று நான்கு அடுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள். முன்னால் போகும் வண்டி ஒரு கை சேற்றை வாரி அடித்த மறுநொடி இதன் அருமை புரியும். கிழிக்கும் நுனியை முன்கூட்டியே மடித்து வையுங்கள். கையுறை போட்ட விரலால் ஓடும் வண்டியில் நுனியைத் தேடுவது நடக்காத காரியம்.

படி 3: வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து அதன்மேல் தூசி உறை போடுங்கள். சங்கிலியை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தொய்வு இருக்கட்டும். ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். எடைக்காகச் சேர்க்கும் ஈயக்கட்டிகளை இரட்டை நட்டு போட்டு இறுக்குங்கள். ஓட்டத்தில் கழன்று விழும் ஈயக்கட்டி பின்னால் வருபவருக்குப் பீரங்கிக் குண்டு.

அடுத்து எடைப் பங்கீடு. நான்கு சக்கரங்களுக்கும் நான்கு தராசு வைத்து, முழுக் கவசத்தோடு நீங்கள் இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வண்டி எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் எடையும் இடப்பக்கம் கூடுதலாக இருக்கும். மொத்தத்தில் 55 முதல் 60 சதவீதம் வரை இடப்பக்கச் சக்கரங்களில் வைப்பது வழக்கம். உங்கள் சட்டத்தைச் செய்தவர்கள் தரும் அளவுத்தாளை அப்படியே பின்பற்றுங்கள். இப்போதைக்குச் சொந்த மூளை வேண்டாம்.

படி 4: ஸ்டேகர் என்றால் என்ன

இதில் கொஞ்சம் நின்று போவோம். மண்பாதைக் கார்ட்டின் சூட்சுமமே இங்கேதான்.

காகிதக் கோப்பை ஒன்றை மேசையில் படுக்கவைத்து உருட்டுங்கள். நேராகப் போகாது, வட்டமடிக்கும். வாய் அகலம், அடி குறுகல் என்பதே காரணம். கார்ட்டின் பின் ஆக்சில் ஒரே இரும்புத் தண்டு. இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவிலோ வெளிச்சக்கரம் அதிக தூரம் போயாக வேண்டும். அதனால் வலப்பக்கப் பின் டயரைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, வண்டியையே அந்தக் காகிதக் கோப்பையாக்கிவிடுகிறோம். இரு டயர்களின் சுற்றளவு வித்தியாசத்துக்குப் பெயர்தான் ஸ்டேகர்.

ஒரு கணக்குப் போடுவோம். இடது டயரின் சுற்றளவு 86 செ.மீ., வலது 89 செ.மீ., இரண்டுக்கும் நடுவே 80 செ.மீ. என்று வையுங்கள். வண்டி இயல்பாக உருளும் வட்டத்தின் ஆரம் இடது சக்கரத்தில் 80 × 86 ÷ 3, அதாவது ஏறத்தாழ 23 மீட்டர். வளைவு இதைவிடக் குறுகலானால் இன்னும் அதிக ஸ்டேகர் கேட்கும்; விரிவானால் குறைவு போதும். தையல்காரரின் நாடாவை டயரின் நடுவில் சுற்றி அளந்துவிடலாம். ஆனால் ஓட்டப்போகும் காற்றழுத்தத்தில் அளக்க வேண்டும். மண்பாதையில் அழுத்தம் 5 முதல் 10 பி.எஸ்.ஐ. வரைதான், கார் டயருக்கான அளவுமானியில் அந்த இடத்தில் முள் நடுங்கிக்கொண்டிருக்கும். குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள மானியை வாங்கிவிடுங்கள்.

படி 5: பாதைக்குப் போனதும்

சீக்கிரம் போங்கள். பெயர் பதிவு, வண்டிப் பரிசோதனை, நேரம் கணக்கிடும் டிரான்ஸ்பாண்டரைப் பொருத்துதல், முதற்கட்டப் பந்தயத்தில் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதற்கான குலுக்கல் எல்லாம் அடுத்தடுத்து வரும். ஓட்டுநர் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். மஞ்சள் கொடியென்றால் வேகம் குறைத்து அதே வரிசையில் போக வேண்டும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் நிற்க வேண்டும். கறுப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால் வெளியேற வேண்டும். நீள்வட்டப் பாதைகளில் வெள்ளை என்பது கடைசிச் சுற்று. மறுபடி எப்படி வரிசைகட்டித் தொடங்குவார்கள் என்பதையும் அங்கேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, தெரியாமல் மஞ்சளில் முந்திவிட்டுத் திட்டு வாங்குவதில்தான் வெட்கம்.

படி 6: மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் பாதையில் அது செல்லாது. மாலை 4 மணிக்கு நீங்கள் பார்த்த மண் இரவு 8 மணிக்கு அங்கே இருக்காது.

அதிகாரிகள் அனுமதிக்கும்போது இறங்கி நடங்கள். வளைவின் உள்விளிம்பில் ஒரு சிட்டிகை, வெளிவிளிம்பில் ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கிடையே உருட்டுங்கள். உருண்டை பிடித்தால் ஈரம் இருக்கிறது. உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உழுவதற்கு முன் விவசாயி செய்வதும் இதேதான்.

தண்ணீர் வண்டி போன கையோடு மண் பளபளக்கும், பிடிப்பே இருக்காது. முதல் பயிற்சிச் சுற்றுகள் அதை மிதித்து இறுக்குவதற்கே. டயரில் சேறு அப்பிக்கொள்ளும். வெளியே வந்ததும் சுரண்டுங்கள். பிறகு மண் இறுகி ஈரம் மட்டும் உள்ளே நிற்கும்போது பிடிப்பு உச்சத்துக்கு வரும். அப்போது வண்டி இடப்பக்கச் சக்கரங்களைத் தூக்கக்கூடப் பார்க்கும். இருட்டியபின் மேல்மண் காய்ந்து வழுக்கும். டயர் ரப்பர் படிந்த ஒரு கறுப்புப் பட்டை மட்டும் பிடிக்கும். அதைவிட்டு ஒரு முழம் விலகினால் உதிர்மண்தான்; சோளத்தைக் கொட்டி அதன்மேல் நடப்பதுபோலிருக்கும்.

படி 7: ஓட்டம்

கால்களுக்குப் பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டே பெடல்கள். பிரேக் பின் ஆக்சிலில் மட்டும். வளைவின் நடுவில் அழுத்தினால் வண்டி பம்பரமாகும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் கிளட்ச் கருகும். வளைவுக்கு முன்பே காலை எடுங்கள். வண்டி தன் எடையைச் சாய்த்து அமரட்டும். வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்ததும் ஆக்சிலரேட்டரைச் சீராக அழுத்துங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப முன் டயர் தேய்ந்து வேகம் செத்துப்போகும். சின்ன எஞ்சின், இழந்த வேகத்தை நேர்ப்பாதை முழுவதும் தேடிக்கொண்டே போகும். பக்கவாட்டில் சறுக்கிப் புழுதி கிளப்புவது பார்க்க அழகு. கடிகாரம் அதை ரசிப்பதில்லை.

தொடக்கம் இரண்டு வரிசையாக, மெதுவாக உருண்டபடி. முதல் வளைவில் முந்த நினைக்காதீர்கள். அங்கே ஜெயித்தவர்களைவிட அங்கேயே முடிந்துபோனவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். சுழன்று நின்றுவிட்டால் கையை உயர்த்தி, இருக்கையிலேயே இருங்கள். கொடி விழுந்து எல்லோரும் நிற்கும்வரை இறங்கக் கூடாது.

படி 8: சுற்றுகளுக்கு இடையே

முதற்கட்டப் பந்தயம் முடிந்து வந்ததும் முதல் வேலை, நோட்டுப்புத்தகம். முன்பக்கம் வெளியே தள்ளியதா, பின்பக்கம் சறுக்கியதா? வளைவின் நுழைவிலா, நடுவிலா, வெளியேறும்போதா? எழுதியபின் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். முன்பக்கம் தள்ளினால் ஸ்டேகரைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பின்பக்கம் நிலைகொள்ளாவிட்டால் குறையுங்கள். நேர்ப்பாதையின் பாதியிலேயே எஞ்சின் உச்சத்தைத் தொட்டு இரைந்தால் (எல்.ஓ. 206-க்கு வரம்பு நிமிடத்துக்கு 6,100 சுழற்சி) பின்பக்கப் பல்சக்கரத்தில் ஓரிரு பற்களைக் குறைக்கலாம்.

என் முதல் வார இறுதியில் டயர் அழுத்தம், ஸ்டேகர், பல்சக்கரம் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். வண்டி இன்னும் மோசமானது. எதனால் என்று இன்றுவரை தெரியாது.

படி 9: கொடி விழுந்த பிறகு

இறுதிப் பந்தயம் முடிந்ததும் நேராகத் தராசுக்குப் போங்கள், வண்டியும் நீங்களும் சேர்ந்து. வழியில் நண்பர்களிடம் நிற்காதீர்கள். ஒருமுறை மூன்றாவதாக வந்து தராசில் ஏறினேன். 400 கிராம் குறைவு. மாலையில் எரிபொருள் தொட்டி நிறைய இருந்தபோது, அடியில் அப்பிய சேற்றோடு எடை பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தது என் தவறு. பெட்ரோல் எரிந்தது, சேறு காய்ந்து உதிர்ந்தது, கோப்பையும் போனது. தொட்டி ஏறக்குறைய காலியாக, சேறு சுரண்டிய நிலையில் எடை பாருங்கள். அதன்மேல் ஒரு கிலோ கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பானாலும் மண் இறுகுவதற்குள் வண்டியைக் கழுவுங்கள். பேரிங்குகள் மேல் மட்டும் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். ஆயிலை வடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, நோட்டில் கடைசி வரியை எழுதுங்கள். என்னுடையதில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “இரவு 8.20. வெளிவிளிம்பில் உருண்டை பிடிக்கிறது, உள்ளே உதிர்கிறது. எல்லோரும் உள்ளே ஓடுகிறார்கள். நான் வெளியே போனேன். இரண்டு வண்டிகளை முந்தினேன், மூன்றாவதை முந்தப்போய்ச் சுவரைத் தொட்டேன். வலது முன் ஆக்சில் வளைந்துவிட்டது, வாங்க வேண்டும்.”