ஐந்து சென் கணக்கு: இஃப், எல்ஸ் பழக எங்கள் கடைப் பில் போதும்

கணினி நிரல் எழுதும்போது 'இப்படியென்றால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்று சொல்ல உதவுபவை இஃப், எல்ஸ். அவற்றைச் சொல்லித்தரும் பாடங்களில் முக்கால்வாசி மதிப்பெண் கணக்குதான், 80க்கு மேல் ஏ, 70க்கு மேல் பி என்று. எழுதி முடித்த பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்களுக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது, பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள்தான் வருவார்கள். போன பள்ளி விடுமுறையில் அண்ணன் மகனுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்க அந்தக் கல்லாவையே எடுத்துக்கொண்டேன்.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கொடுத்தால் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள ஐந்து சென்னுக்குத் திருத்துகிறோம் (நூறு சென் ஒரு வெள்ளி). கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0. 3, 4 என்றால் 5. 6, 7 என்றால் 5. 8, 9 என்றால் அடுத்த பத்து. ஒவ்வொரு சாமானுக்கும் அல்ல, மொத்தத்துக்கு மட்டும்.

முதலில் பத்து இலக்கத்துக்கும் பத்துக் கிளை (ஒரு நிபந்தனை, அதற்கொரு செயல்) எழுதுங்கள், பரவாயில்லை, கை வலிக்கட்டும். அப்புறம் தொகையைச் சென்னாக மாற்றி ஐந்தால் வகுத்து மீதியைப் பாருங்கள், மூன்றே கிளையில் முடிந்துவிடும். மீதி 0 என்றால் அப்படியே விடலாம், 1 அல்லது 2 என்றால் மீதியைக் கழிக்க வேண்டும், மற்றதற்கு ஐந்திலிருந்து மீதியைக் கழித்து வருவதைக் கூட்ட வேண்டும். 1287 சென் 1285 ஆகும், 1288 சென் 1290 ஆகும்.

பையன் விழுந்த குழி இங்கேதான். "மீதி ஒன்றோ இரண்டோ என்றால்" என்று வாயால் சொல்வதை அப்படியே 'இஃப் மீதி == 1 ஆர் 2' என்று எழுதிவிட்டான் (== என்றால் 'சமமா?', ஆர் என்றால் 'அல்லது'). பைத்தான் இதை "மீதி ஒன்றா? அல்லது, இரண்டு" என்று படிக்கும், பூஜ்யம் அல்லாத எண் எதுவும் அதற்கு உண்மைதான், அதனால் எந்த மீதி வந்தாலும் கழித்துக்கொண்டே இருக்கும். 12.88 வெள்ளி பில் 12.90 ஆகாமல் 12.85 ஆனது. வாங்குபவருக்குச் சந்தோஷம், அம்மாவுக்கு இல்லை. 'மீதி == 1 ஆர் மீதி == 2' என்று இரண்டு தடவையும் முழுசாக எழுதுங்கள்.

சரி, இப்போது உள்ளீடு. அடிப்பதை வாங்கித் தரும் இன்புட் எப்போதும் எழுத்தாகத்தான் தரும், 12.87 என்று அடித்தாலும் அது எண் அல்ல. மாற்றுவதற்கு முன்பே பூஜ்யத்தைவிடப் பெரிதா சிறிதா என்று ஒப்பிட்டால் டைப்எரர் என்ற பிழை வரும். ஆகவே முதலில் ஸ்ட்ரிப் போட்டு முன்பின் இடைவெளியை நீக்கி, ட்ரைக்குள் (பிழை வந்தால் பிடிக்கும் பகுதி) ஃப்ளோட்டால் தசம எண்ணாக மாற்றுங்கள், எண்ணாக மாற்ற முடியாதபோது வரும் வேல்யூஎரர் வந்தால் மறுபடி கேளுங்கள். பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் எக்ஸெப்ட் பக்கத்தில் வேல்யூஎரர் என்று பெயர் போடாமல், இன்புட்டையும் ட்ரைக்குள் வைத்தால், திரும்பத் திரும்பக் கேட்கும் வைல் சுற்றுக்குள் நிரலை நிறுத்தும் கன்ட்ரோல் சி கூட வேலை செய்யாது. பையன் கடைசியில் ஜன்னலையே மூடித்தான் வெளியே வந்தான். பிழைச் செய்தியில் வெறும் 'தவறு' என்று போடாதீர்கள், "12.87 என்பதுபோல் அடிக்கவும்" என்று சொல்லுங்கள். (தமிழ் எண்ணில் ௧௨.௮௭ என்று கொடுத்தாலும் ஃப்ளோட் ஏற்றுக்கொள்ளும், நான் கொஞ்சம் பூரித்துப்போனேன்.)

சென்னாக மாற்றும்போது நூறால் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும் இன்ட் போடாதீர்கள். 0.29ஐ நூறால் பெருக்கினால் 28.999999999999996 வரும், இன்ட் அதை 28 ஆக்கிவிடும். அருகிலுள்ள முழு எண்ணைத் தரும் ரவுண்ட் போடுங்கள்.

இதற்குப் பிறகும் நிஜமான தப்பு மிச்சமிருக்கிறது. அம்மா அவசரத்தில் புள்ளியை விட்டுவிட்டு 1287 என்று அடிப்பார். அது செல்லுபடியாகும் எண்தான், ட்ரை அதைப் பிடிக்காது. பூஜ்யமும் அதற்குக் கீழும் என்றால் நேரடியாக மறுத்துவிடலாம், ஆனால் மேல்வரம்பு உங்கள் கடையைப் பொறுத்தது. எங்களிடம் 300 வெள்ளி தாண்டும் பில் அபூர்வம், ஆனால் தைப்பூச வாரத்தில் அன்னதானச் சாமான் வாங்க வருபவர்களுக்குத் தாண்டிவிடும். அதனால் நாங்கள் மறுப்பதில்லை, "1287.00 வெள்ளியா, சரிதானா?" என்று ஒருமுறை கேட்கிறோம்.

அடுத்த படி: ரொக்கமா, கியூஆரா என்று கேளுங்கள், ஏனென்றால் கியூஆருக்கும் கார்டுக்கும் திருத்தம் கிடையாது. 'ரொக்கம் என்றால் திருத்து, எல்ஸ் விடு' என்று எழுதினால், யாராவது 'ரொகம்' என்று அடித்தாலும் அது கியூஆர் ஆகிவிடும். தெரியாத பதிலை எல்ஸுக்குள் தள்ளாதீர்கள். ரொக்கத்துக்கு இஃப், கியூஆருக்கு எலிஃப் ('அது இல்லையென்றால், இதுவா?' என்று கேட்பது), எல்ஸில் மறுபடி கேள்வி.

முடித்ததும் 12.85, 12.86, 12.88, 0.29, -5, 1287, 'பன்னிரண்டு' எல்லாவற்றையும் அடித்துப் பாருங்கள், ஒன்றும் அடிக்காமல் என்டரும் தட்டுங்கள். 0.02 கொடுத்தால் பூஜ்யம் வரும், அதற்கு என்ன செய்வது என்று நாங்கள் இன்னும் முடிவு பண்ணவில்லை.