யாழ்ப்பாணத்தில் யன்னல் துடைக்கும் தொழில்: தொடங்குபவருக்கான தண்ணீர்க் கணக்கு

யாழ்ப்பாணத்தில் இப்போது எழும்பும் வீடுகளில் பெரிய கண்ணாடி யன்னல்கள் கூடிக்கொண்டு வருகின்றன. முகப்பு முழுவதும் கண்ணாடியாக உள்ள கடைகளும் பெருகியுள்ளன. இவற்றை மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ முறைவைத்துத் துடைத்துக் கொடுப்பதைத் தொழிலாகத் தொடங்க நினைப்பவர்கள் ஏணிக்கும் வைப்பருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கணக்குப் போடுகிறார்கள். கிணறு இல்லாத வளவு எங்கே இருக்கிறது என்ற துணிவில் தண்ணீரை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கிணறு இருப்பது உண்மைதான். ஆனால் குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கி, உவர்நீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக நிற்பது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, தண்ணீர் காயும்போது கண்ணாடியிலேயே வெள்ளைத் திட்டாகத் தங்கிவிடும். கரையோரத்தில் உப்பும் சேரும்.

படி 1: தண்ணீரைச் சோதியுங்கள்

ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டைக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்து, சோதிக்கவேண்டிய தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு காய்ந்த இடத்தில் ஓரம் தடித்த வெள்ளை வளையம் தெரிந்தால், அந்தத் தண்ணீரைக் கண்ணாடியில் காயவிடவே கூடாது. பக்கத்தில் மழைநீர்ச் சொட்டு ஒன்றையும் விட்டுப் பார்த்தால் வேறுபாடு சொல்லாமலே விளங்கும். கரைந்த திண்மங்களை அளக்கும் சிறிய ரீடிஎஸ் மீற்றர் ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது. கழுவியபின் துடைக்காமல் விடுவதற்கு அந்த மீற்றர் 10க்குக் கீழே காட்டவேண்டும். எங்கள் கிணறுகள் பல நூறுகளில் நிற்கும், கடலுக்கு அண்மையில் ஆயிரத்தையும் தாண்டும். ஒரே கிணறு மார்கழியில் ஓர் அளவும் ஆவணியில் வேறோர் அளவும் காட்டும் என்பதால், கோடையில் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

படி 2: குழாயைத் தொடாதீர்கள்

வீட்டுக்காரர் மோட்டரைப் போட்டு நீண்ட குழாயைக் கையில் தருவார். அன்போடு தான் தருவார். அதில் நிமிடத்துக்கு 10 முதல் 20 லீற்றர் வரை போகும். நாலு யன்னல் முடியுமுன் நூறு லீற்றர் நிலத்தில் கிடக்கும், சுவரும் நனைந்திருக்கும், யன்னல் விளிம்பில் தேங்கிய நீர் மெல்ல வடிந்து நீங்கள் துடைத்த கண்ணாடியில் கோடு கீறும். கோடையில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் ஓர் அங்குலம் குறைந்தால், கோட்பாட்டின்படி அடியிலுள்ள உவர்நீர் 40 அங்குலம் மேலேறும். மோட்டரை அளவுக்கு மிஞ்சி ஓடவிட்ட கிணறுகள் உவர்ப்பாகிப் போனதை ஊரில் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆகவே வாளிதான். பத்துப் பன்னிரண்டு யன்னல் உள்ள ஒரு வீட்டுக்கு உட்புறமும் வெளிப்புறமுமாக 6 முதல் 8 லீற்றர் போதும்.

படி 3: குறைந்த நீரில் துடைக்கும் முறை

முதலில் ஈரமே படாமல் மென்மையான தூரிகையால் சட்டத்தையும் கிறிலையும் தட்டி எடுங்கள். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் போன்ற செம்பாட்டு நிலப் பகுதிகளில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடியில் படியும் சிவந்த புழுதி, தண்ணீர் பட்டவுடன் சேறாகிவிடும். அந்தச் சேற்றை எடுக்கவே இரண்டு வாளி போய்விடும். கரையோர வீடுகளில் மட்டும் இதற்கு மாறாகச் செய்யவேண்டும். அங்கே உப்புப் படிவை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறுப்படலாம் என்பதால், முதலில் ஈரத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டே தொடங்குங்கள்.

வாளி இரண்டு தேவை. ஒன்றில் 5 லீற்றர் தண்ணீரும் சில சொட்டுத் திரவச் சவர்க்காரமும்; மற்றதில் துணி அலசுவதற்கு 2 லீற்றர் வெறுந்தண்ணீர். சுண்ணாம்பு கரைந்த வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றுவதுதான் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்வது. நுரை அதிகம் கூடுவதில்லை, கசடுதான் கூடுகிறது. அதைக் கழுவ மறுபடி தண்ணீர் வேண்டும்.

கண்ணாடியை நனைத்துத் தேய்க்கும் கட்டையில் மாட்டும் துணி உறையை (துடைப்பு உறை) தண்ணீரில் தோய்த்துப் பிழியும்போது கையைக் கவனியுங்கள். நீர் நூலாக ஒழுகினால் ஈரம் அதிகம். சொட்டுச் சொட்டாக விழுந்து, மூன்றாவது நான்காவது சொட்டோடு நின்றால் அளவு சரி. அந்த ஈரத்தில் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் தேய்த்து, உடனே வைப்பரை மேல் மூலையில் வைத்து ஒரே இழுப்பில் கொண்டுவாருங்கள். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் றப்பர் விளிம்பைத் துணியில் துடைக்கவேண்டும். கடைசியில் கண்ணாடியின் நான்கு ஓரங்களிலும் உலர்ந்த துணியை விரலில் சுற்றி ஓட்டுங்கள், ஏனென்றால் திட்டு எப்போதும் ஓரத்தில் தங்கிய ஈரத்திலிருந்தே தொடங்குகிறது. வெயில் விழும் யன்னலை நிழல் வரும்வரை விட்டுவையுங்கள். காலையில் மேற்குப் பக்கத்திலிருந்தும் மாலையில் கிழக்குப் பக்கத்திலிருந்தும் தொடங்குவது இதற்காகத்தான்.

ஏற்கெனவே படிந்த வெள்ளைத் திட்டுக்கு வினாகிரியைத் துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒட்டவைத்தால் புதியது கரையும். ஆண்டுக்கணக்கில் வேரூன்றியது கரையாது. அதை நீக்கித் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். மாபிள் விளிம்பில் வினாகிரி படவிடவும் கூடாது.

படி 4: வீடுவீடாகப் போகும் சுற்றைத் தண்ணீரை வைத்து அமையுங்கள்

“கிணத்தில அள்ளுங்கோ தம்பி, கேக்கவே வேணும்?” என்று பெரும்பாலான வீடுகளில் சொல்வார்கள். ஆனால் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக்கிடக்கும் வீடுகளே பலருக்கு நல்ல வாடிக்கை. அங்கே மோட்டருக்கு மின்சாரம் இருக்காது, கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டியிருப்பார்கள். வேலணை, புங்குடுதீவுப் பக்கம் நல்ல தண்ணீரைப் பவுசரில் வாங்கும் வீட்டில் ஒரு வாளி கேட்பதே மரியாதையில்லை. இத்தகைய வீடுகளுக்குத் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். 20 லீற்றர்க் கான் ஒன்று 20 கிலோவுக்கு மேல் பாரம். மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கம் மட்டும் தொங்கவிடாமல் இரண்டு 10 லீற்றர்க் கான்களாக இருபக்கமும் கட்டுங்கள். கொண்டுபோகும் தண்ணீரின் செலவைக் கூலியோடு முன்கூட்டியே சேர்த்துச் சொல்லிவிடவேண்டும். பிறகு கேட்பது அழகல்ல.

ஒரு கொப்பியில் வீடு, யன்னல் எண்ணிக்கை, தண்ணீர் எங்கிருந்து, மீற்றர் காட்டிய அளவு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். நல்ல தண்ணீர் உள்ள வீட்டைக் காலையில் முதலாவதாக வைத்துக் கான்களை அங்கே அனுமதியோடு நிரப்பிக்கொண்டால், அன்றைய சுற்றுக்கு அதுவே போதும்.

படி 5: மாரியில் சேமியுங்கள்

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 20 சதுர மீற்றர்க் கூரையில் 25 மில்லிமீற்றர் பெய்தால், சிந்துவதும் ஊறுவதும் போக 400 லீற்றர் கிடைக்கும். ஐப்பசியின் முதல் மழைகளைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அதன்பின் வருவதைத் துணியால் வடித்து 1,000 லீற்றர்த் தாங்கியில் பிடியுங்கள். கழுவுவதற்குக் கிணற்றுநீரையும், கடைசித் துடைப்புக்கு மட்டும் நாளுக்கு 4 லீற்றர் மழைநீரையும் பாவித்தால், அந்தத் தாங்கி அடுத்த மாரிவரை ஏறத்தாழத் தாக்குப்பிடிக்கும். மூடியில் சிறு இடைவெளியும் இருக்கக்கூடாது. டெங்கு நுளம்பின் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தொழிலுக்காகச் சேமித்தது என்று விட்டுவிடமாட்டார்.

படி 6: அழுக்கு நீர்

சவர்க்காரம் குறைவாகக் கலந்த நீரை, வீட்டுக்காரர் ஒப்பினால், வாழையடியில் ஊற்றலாம். வினாகிரி கலந்ததைக் கிணற்றிலிருந்து தள்ளி ஊற்றுங்கள். சுண்ணக்கல் வெடிப்புகளால் மேலே ஊற்றுவது அதிகம் வடிகட்டப்படாமலே கீழே போய்விடும்.

இயந்திரம் வாங்கலாமா?

சுத்திகரித்த நீரை நீண்ட தடியின் தூரிகை வழியாகப் பாய்ச்சி, துடைக்காமலே காயவிடும் கருவிகளைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். தடி நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லீற்றர்தான் எடுக்கும். ஆனால் அந்த ஒரு லீற்றரைத் தூய்மையாக்க, நீரை நுண்ணிய சவ்வினூடாக அழுத்தி வடிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) வடிகட்டி வேறு ஒன்று முதல் மூன்று லீற்றரைக் கழிவாகத் தள்ளும். எங்கள் வன்னீரில் அதன் சவ்வும், மிச்சமிருக்கும் உப்புகளைப் பிடிக்கும் பிசினும் விரைவில் களைத்துப்போகும். மூன்று மாடிக் கட்டடங்கள் சில நிரந்தரமாகக் கைக்கு வந்து, மழைநீரையே அந்த வடிகட்டிக்கு ஊட்டக்கூடிய தாங்கியும் உங்களிடம் இருக்கும்போது அதைப் பற்றி யோசியுங்கள். அதுவரை இரண்டு வாளியும் நல்ல றப்பர் பூட்டிய ஒரு வைப்பரும் போதும்.