பயாப்ஸி ரிப்போர்ட்டில் அரிய கட்டி என்று வந்தால் என்ன செய்வது?

கேள்விப்படாத ஒரு பெயரை ரிப்போர்ட்டில் பார்த்ததும் எத்தனை வருஷம் பிழைக்கலாம் என்று இணையத்தில் தேட ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பெயரே இன்னும் உறுதியாகாமல் இருக்கலாம். முடிவுப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். "இதுவாக இருக்கலாம்", "ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தால் பேதாலஜிஸ்ட் (திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்) தன் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்கிறார் என்று அர்த்தம், அதை யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது.

அடுத்து, பயாப்ஸியோடு என்ன விவரம் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். பல நேரம் படிவத்தில் "கட்டி" என்ற ஒரு வார்த்தைதான் இருக்கும், இதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். எலும்பில் ராட்சத செல்கள் நிறைந்த ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜயண்ட் செல் ட்யூமரும், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரப்பதால் வரும் பிரவுன் ட்யூமரும் மைக்ரோஸ்கோப்பில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தால்தான் விஷயம் புரியும், பிரவுன் ட்யூமர் என்றால் முதலில் சுரப்பியைத்தான் கவனிக்க வேண்டும். அதே போல சில வாரங்களிலேயே வேகமாக வளரும் நோடுலார் ஃபேசியைடிஸ் என்ற கட்டி பார்க்க சார்கோமா (எலும்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்) போல மிரட்டும், ஆனால் அது புற்றுநோயே இல்லை. எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது, முன்பு அடிபட்டதா, வேறு புற்றுநோய் இருந்ததா, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களோடு கொடுங்கள்.

அப்புறம் ஐ.எச்.சி. செய்தார்களா என்று பாருங்கள். செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று நிறமேற்றிப் பார்க்கும் சோதனை அது. நிறமி இல்லாத மெலனோமா (நிறமி செல்களில் வரும் புற்றுநோய்), லிம்போமா (நிணநீர் செல்களில் வருவது), கார்சினோமா (தோல், உறுப்புகளின் உள்படலத்தில் வருவது) மூன்றும் சாதாரண ஸ்லைடில் ஒன்றையொன்று ஒத்திருக்கலாம், இந்தச் சோதனைதான் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். ஒரே ஒரு புரதம் பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, தொகுப்பாகத்தான் பார்க்க வேண்டும். சில கட்டிகளுக்கு மரபணுச் சோதனையும் தேவைப்படும். சைனோவியல் சார்கோமாவில் எஸ்.எஸ்.18 மரபணு வேறொன்றோடு இணைந்திருப்பதைத் தேடுவார்கள். குடல், இரைப்பையில் வரும் ஜிஸ்ட் கட்டிகளில் பல, ஒரு காலத்தில் தசைக் கட்டிகளாகவே கணக்கிடப்பட்டன. 1998-ல் கிட் மரபணுவின் பங்கு தெரிந்த பிறகு அவற்றுக்கு இமாட்டினிப் மாத்திரை வழி திறந்தது. பெயர் மாறினால் மருந்தே மாறும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சரி, செகண்ட் ஒப்பீனியன். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் போதாது. பேதாலஜி லேபில் எழுதிக் கொடுத்து, ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்குங்கள். ஸ்லைடு மட்டும் இருந்தால் புதிய சோதனை செய்ய முடியாமல் போகலாம். பிளாக் மேல் உள்ள எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே சரிபாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். ஊசி பயாப்ஸியாக இருந்தால் திசு மிகக் கொஞ்சம்தான், எல்லோரும் ஆளுக்கொரு சோதனை செய்தால் தீர்ந்துவிடும், எது முதலில் வேண்டும் என்று டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். எலும்புத் திசுவை அமிலத்தில் மென்மையாக்கியிருந்தால் மரபணுச் சோதனை சரியாக வராமல் போகலாம், அதையும் கேட்டு வையுங்கள்.

யாரிடம் கொடுப்பது? பெரிய பெயர் முக்கியமில்லை. அந்த வகைக் கட்டியை, அதாவது எலும்போ மென்திசுவோ லிம்போமாவோ, வழக்கமாகப் பார்ப்பவராக இருக்க வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டும் மாறுபட்டால் பிடித்ததை எடுத்துக்கொள்ளாமல், இரண்டு பேதாலஜிஸ்டுகளும் பேசிக்கொள்ளும்படி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், ட்யூமர் போர்டு (பல துறை டாக்டர்கள் சேர்ந்து ஒரு கேஸை விவாதிக்கும் கூட்டம்) இருந்தால் அங்கே வைக்கச் சொல்லுங்கள். மூச்சுத்திணறல், கால் மரத்துப்போதல், நாளுக்கு நாள் பெருக்கும் கட்டி என்று அவசரம் இருந்தால் மட்டும் இதற்காகக் காத்திருக்காதீர்கள்: சிகிச்சையைத் தொடங்கலாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், பிளாக் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருக்கட்டும்.