இரண்டு மானிட்டர் மாட்டியதும் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறதா? லினக்ஸில் மெமரி கிளாக்கை இறக்கும் முறை

கம்ப்யூட்டரில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஆனாலும் கார்டின் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தொட்டால் சுடுகிறது. மன்னார்குடி பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் எங்கள் கடையில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 கார்டு, இரண்டு மானிட்டர், டெபியன் லினக்ஸ். சூட்டுக்குக் காரணம் கார்டுக்குள் இருக்கும் மெமரியின் வேகம், அதாவது மெமரி கிளாக், சும்மா இருக்கும்போதும் உச்சத்திலேயே நிற்பது. சித்திரை மாதம் ஏசி இல்லாத அறையில் இந்தச் சூடு சும்மா விட்டுவிடும் விஷயம் இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதுதான் இப்படி வீணாகும் கரண்டின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

கணக்கு எளிது. கார்டு சும்மா இருக்கும்போது 30 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வையுங்கள். தினம் 8 மணி நேரம், 60 நாள்: 14.4 யூனிட். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு காற்றில் போகிறது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். டெர்மினல் திறப்பது, சூடோ கடவுச்சொல் இதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கார்டின் முகவரி

எல்எஸ்பிசிஐ -கே

பட்டியலில் விஜிஏ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் முன்னால் 01:00.0 போல ஓர் எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அதன் கீழே ஓடும் டிரைவர் ஏஎம்டிஜிபியூ என்று இருந்தால் மேலே படியுங்கள். இனி எல்லா வேலையும் இந்த ஃபோல்டருக்குள்தான் (கடைசியில் நீங்கள் குறித்த எண்ணைப் போடுங்கள்):

/சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:01:00.0/

படி 2: நட்சத்திரம் எங்கே?

கேட் பிபி_டிபிஎம்_எம்சிஎல்கே

என் கார்டில் மூன்று வரி வரும்: 0க்கு 300 மெகாஹெர்ட்ஸ், 1க்கு 1000, 2க்கு 2000. எந்த வரியில் நட்சத்திரக் குறி இருக்கிறதோ அதுதான் இப்போதைய வேகம். சும்மா இருக்கும்போது அது 0இல் இருக்க வேண்டும். 2இலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் இதே வியாதி.

வாட் கணக்கு வேண்டுமென்றால் அதே இடத்தில் எச்டபிள்யூமான் ஃபோல்டருக்குள் பவர்1_ஆவரேஜ் என்ற கோப்பு இருக்கும். எண் மைக்ரோவாட்டில் வரும், 35000000 என்றால் 35 வாட். சில கார்டுகளில் இதன் பெயர் பவர்1_இன்புட்.

படி 3: முதலில் மானிட்டரைக் கவனியுங்கள்

டிரைவர் கெட்டுவிட்டது என்று கெர்னலை மாற்ற ஓடாதீர்கள். ஒரு மானிட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு நட்சத்திரத்தைப் பாருங்கள். சட்டென்று 0க்கு இறங்கினால் டிரைவர் தெரிந்தேதான் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

காரணம் இதுதான். மெமரியின் வேகத்தை மாற்றும் அந்தக் கண நேரம் அதிலிருந்து படம் எடுக்க முடியாது. அதனால் ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்கும் சின்ன இடைவெளியில்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் திரை மினுக்கும். ஒரே மதகிலிருந்து இரண்டு வாய்க்காலுக்கு வேறு வேறு முறை வைத்துத் தண்ணீர் பாய்ந்தால் பலகையை மாற்ற நேரமே வாய்க்காது அல்லவா, அந்தக் கதை. ஒன்று 75 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 75 ஃபிரேம், இன்னொன்று 60 என்றால் இரண்டின் இடைவெளியும் ஒன்றாக வருவதை நம்பி டிரைவர் எதையும் செய்ய முடியாது. ஆகவே உச்ச வேகத்திலேயே நின்றுவிடுகிறது.

இரண்டையும் ஒரே ரெசல்யூஷன், ஒரே ரிஃப்ரெஷ் ரேட்டுக்குக் கொண்டு வாருங்கள். இங்கேதான் நான் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினேன். செட்டிங்ஸ் இரண்டுக்கும் 60 என்றே காட்டும், நட்சத்திரம் அசையாது. எக்ஸ்ஓஆர்ஜி என்னும் டிஸ்பிளே சர்வர் ஓடும் மெஷினில் இதை அடித்தால் விஷயம் வெளியே வரும்:

எக்ஸ்ரேண்டர் --வெர்போஸ்

ஒன்று 60.00, இன்னொன்று 59.94 என்று இருக்கலாம். இரண்டும் 60.00 ஆகவே இருந்தாலும் செங்குத்து வரிகளின் மொத்தத்தைப் பாருங்கள். 1080 வரித் திரைக்கு டிவி தரப்படியான டைமிங்கில் மொத்தம் 1125 வரி, அதாவது இடைவெளி 45 வரி, சுமார் 667 மைக்ரோ செகண்ட். ரெட்யூஸ்டு பிளாங்கிங் என்னும் சிக்கன டைமிங்கில் மொத்தம் 1111 வரிதான், இடைவெளி சுமார் 465 மைக்ரோ செகண்ட். மொத்தம் வேறு வேறாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. இரண்டுக்கும் 1125 வரி மோடைத் தேர்ந்தெடுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றே ஒன்று இருந்தும் சிலருக்கு இந்தத் தொல்லை வருவதும் இந்த இடைவெளி போதாமல்தான். 120க்கு இறக்கிப் பார்க்கலாம்.

பெரும்பாலும் வேலை இங்கேயே முடிந்துவிடும். முடிந்தால் படி 4 வேண்டாம், கார்டைத் தானாக விடுவதுதான் நல்லது.

படி 4: கையால் பிடித்து வைப்பது

சூடோ எக்கோ என்று எழுதி > குறி போட்டுக் கோப்புக்குள் தள்ளினால் அனுமதி இல்லை என்று வரும். சூடோ அதிகாரம் எக்கோவுக்குத்தான், கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். எனவே டீ என்னும் கட்டளை வழியாக அனுப்புங்கள்:

எக்கோ மேனுவல் | சூடோ டீ பவர்_டிபிஎம்_ஃபோர்ஸ்_பெர்ஃபாமன்ஸ்_லெவல்
எக்கோ 1 | சூடோ டீ பிபி_டிபிஎம்_எம்சிஎல்கே

வரிசை மாறக்கூடாது. மேனுவல் ஆக்காமல் இரண்டாவதை அடித்தால் மதிப்பு செல்லாது என்று திட்டும். எழுதியதும் படி 2ஐ மறுபடி செய்து நட்சத்திரம் நகர்ந்ததா பாருங்கள். நகராவிட்டால் உங்கள் கார்டு இதற்கு மசியவில்லை என்று அர்த்தம், படி 3க்கே திரும்புங்கள்.

ஏன் 1, ஏன் 0 இல்லை? 300 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பெரிய திரைக்கு மெமரி ஈடுகொடுக்காமல் கோடு கோடாக வரலாம். நடு வேகம் நிம்மதி. வீடியோ ரெண்டர், கேம் என்று கனமான வேலைக்கு உட்காரும்போது மேனுவல் இருந்த இடத்தில் ஆட்டோ என்று எழுதினால் பழையபடி ஆகிவிடும்.

கருவிகள் பற்றி: கார்டின் நிலையைப் பார்ப்பதற்கு டெர்மினலில் ஓடும் என்விடாப் போதும், பெயரைப் பார்த்து என்விடியாவுக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள், ஏஎம்டிக்கும் வேலை செய்யும். டெர்மினலே ஆகாது என்பவர்களுக்கு எல்ஏசிடி என்னும் சாஃப்ட்வேர். இந்த ஒரே ஒரு எண்ணை மாற்ற ஒரு சாஃப்ட்வேர் எதற்கு என்பது என் கட்சி.

படி 5: ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிலைக்க

மேலே உள்ள இரண்டு வரியையும் முழு முகவரியோடு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டில் போட்டு, ஒன்ஷாட் வகை (ஒருமுறை ஓடி முடிந்துவிடும்) சிஸ்டம்டி சர்வீஸ் ஆக்கிவிடுங்கள், மெஷின் தொடங்கும்போது தானாக ஓடும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஒவ்வொரு முறையும் கையால் அடித்துக்கொண்டிருக்க முடியாது.

பின்சேர்க்கை 1: "கார்ட்0 ஃபோல்டரில் அந்தக் கோப்பே இல்லை" என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வேறு இடங்களில் இதே கோப்புகளுக்கு டிஆர்எம் ஃபோல்டருக்குள் கார்ட்0 என்று வழி சொல்லியிருப்பார்கள். புதிய கெர்னல்களில் சிம்பிள்டிஆர்எம் என்னும் தொடக்கநிலைத் திரை டிரைவர் முதல் எண்ணை எடுத்துக்கொள்வதால் உங்கள் கார்டு கார்ட்1 ஆகியிருக்கலாம். பிசிஐ முகவரியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

பின்சேர்க்கை 2: சஸ்பெண்டிலிருந்து எழுந்ததும் வேகம் பழையபடி ஏறுகிறது என்பவர்கள், சர்வீஸ் கோப்பில் ஆஃப்டர், வான்டட்பை இரண்டு வரியிலும் சஸ்பெண்ட்.டார்கெட் சேருங்கள். வான்டட்பையில் ஏற்கெனவே இருக்கும் மல்டி-யூசர்.டார்கெட்டை அழித்துவிடாதீர்கள். பிறகு சர்வீஸை ஒருமுறை டிசேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்தால்தான் புது வரி பிடிக்கும்.

பின்சேர்க்கை 3: என்விடியா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோப்புகள் எதுவும் இருக்காது. நிறுவனத்தின் டிரைவர் போட்டிருந்தால் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் -எல்எம்சி என்று கொடுத்து மெமரி வேகத்தைப் பூட்டலாம், பழைய கார்டுகள் ஏற்காது. மானிட்டர் டைமிங் சரிசெய்யும் படி 3ஐ மட்டும் அவர்களும் செய்து பார்க்கலாம்.