செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: பிளக்கிலிருந்து பின்னோக்கித் தேடுவது எப்படி

மாரி தொடங்கினால் வன்னியில் இது வழமைதான். இரவெல்லாம் மழை, காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. உடனே புதுக் கொயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் சுருள்) வாங்கக் கிளிநொச்சிக்கு ஓடாதீர்கள், அனேகமாக ஈரம்தான் இறங்கியிருக்கும். கீழே உள்ளது மொறிஸ், ஒஸ்ரின் மாதிரிப் பழைய கார்களுக்கு, புதியவை கடைசியில்.

1. பற்றரி. சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள்.

2. தீப்பொறி வருகிறதா? பிளக் வயர்களுக்கு 1, 2, 3, 4 என்று அடையாளம் போட்டுவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். அதைத் திரும்ப வயரில் செருகி, அதன் இரும்பு உடல் எஞ்சினின் வெறும் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம், பல ஆயிரம் வோல்ட் வரும். றப்பர் பிடி போட்ட குறடு வேண்டும், பக்கத்தில் பெற்றோல் சிந்தியிருக்கவும் கூடாது. நீலமாகச் 'சட் சட்' என்று அடித்தால் நல்லது, மஞ்சளாக மெலிந்து வந்தால் பலமில்லை.

பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். இளம் பழுப்பு சரி. உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூடப் போகிறது, அல்லது பொறி பலவீனம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவர்களுக்கு அந்தக் கரியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

3. ஒரு பிளக்கில் மட்டும் பொறி இல்லையென்றால் அந்தப் பிளக்கோ வயரோதான், பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் பாருங்கள். எதிலுமே இல்லையா? டிஸ்ரிபியூட்டர் (கொயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) மூடியில் கொயிலிலிருந்து வரும் நடு வயரைக் கழற்றி, அதே குறடால் பிடித்து, நுனியை எஞ்சினிலிருந்து 5 மில்லிமீற்றர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அங்கே பொறி பாய்ந்தால் கொயில் நல்லது, பழுது மூடியிலோ உள்ளே சுற்றும் றோட்டரிலோ இருக்கிறது. மூடியின் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். மயிர் போலக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் எவ்வளவு துடைத்தும் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டியதுதான்.

4. நடு வயரிலும் இல்லையென்றால் பொயின்ற், அதாவது டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும் முனைகள். இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர். அடிக்கடி கருகினால், பொயின்றோடு இணைந்திருக்கும் கொண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். அப்புறம்தான் கொயில்: சாவியை நிறுத்தி, இரண்டு சின்ன முனைகளுக்கும் இடையில் அளந்தால் 3 ஓம் அளவில் காட்ட வேண்டும்.

5. புதிய கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில். இவற்றில் மேலே சொன்ன வயர் விளையாட்டு வேண்டாம், எலக்ட்ரோனிக் பாகங்கள் போய்விடும். ஸ்கானரில் (காரின் பிழைக் குறியீட்டை வாசிக்கும் கருவி) பி0301 வந்தால் முதல் சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது சரியாக எரியவில்லை. அதன் கொயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு ஓடிப் பாருங்கள். பி0302 ஆக மாறினால் கொயில் பழுது, மாறாவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள்.