முயல் திடீரென்று நடக்க முடியாமல் போனால்: முதல் ஒரு மணி நேரமும் அடுத்து வரும் நாட்களும்

நேற்று ராத்திரி வரை கட்டிலுக்கடியில் ஓடி விளையாடிய முயல், காலையில் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது. இல்லாவிட்டால் தலை ஒரு பக்கம் சாய்ந்து, நிற்க முடியாமல் உருளுகிறது. பார்த்தவுடன் பலருக்கும் தோன்றுவது "இனி பிழைக்காது" என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையே சொல்வார்கள். அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். நடை போவதற்குக் காரணங்கள் பல. சில முழுசாகச் சரியாகும், சில ஓரளவு சரியாகும், சில சரியாகாது. உங்கள் முயலுக்கு எது என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை நிலைமை மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. முதல்முறையாக முயல் வளர்ப்பவர்களுக்காக ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: நடக்க வைத்துப் பார்க்காதீர்கள்

"எழுந்திரு பார்ப்போம்" என்று தூக்கி நிறுத்துவது, கேரட்டைக் காட்டி வரவழைப்பது, காலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 7, 8 சதவீதம்தான். ஆனால் பின்னங்கால் தசைகளுக்கு அபார பலம். பயந்துபோய் ஓங்கி உதைத்தால், அந்த உதையின் வேகமே இடுப்புப் பக்கத்து முதுகெலும்பை உடைத்துவிடும். கீழே விழ வேண்டும் என்றுகூட இல்லை. தூக்கும்போது திமிறினாலே போதும். தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கூண்டுக்குள் துள்ளினாலும் போதும். எலும்பு லேசாக விரிசல் விட்டிருக்கும் நேரத்தில் இன்னொரு முறை துள்ளினால், தண்டுவடம் நசுங்கி நிரந்தரமாகக் கால் போய்விடலாம்.

அதனால் முதலில் அதை ஒரே இடத்தில் இருக்க வையுங்கள். முயல் கிடக்கிற இடத்துக்கே ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுபோங்கள். பெட்டியின் அடியில் மடித்த பழைய துண்டு ஒன்றை விரியுங்கள். தடிமனான அட்டை, ட்ரே, காய் நறுக்கும் பலகை, எது கையில் கிடைக்கிறதோ அதை முயலின் அடியில் மெதுவாக நுழைத்து, முதுகு வளையாமல் அப்படியே பெட்டிக்குள் இறக்குங்கள். இன்னொருவர் உதவிக்கு இருந்தால் நல்லது. பலகை எதுவும் இல்லையென்றால் ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்புறத்துக்கடியில், உடல் முழுவதும் உங்கள் நெஞ்சோடு சேர்ந்திருக்க வேண்டும். காதைப் பிடித்தோ, அக்குளில் பிடித்துத் தொங்கவிட்டோ தூக்கவே கூடாது. இரண்டு துண்டுகளைச் சுருட்டி உடலின் இருபக்கமும் அணை கொடுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். நாய், பூனை, குழந்தைகள் அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: பார்த்து, போனில் பதிவு செய்யுங்கள்

பெட்டிக்குள் இருக்கும்போதே ஒரு நிமிட வீடியோ எடுத்துவிடுங்கள். டாக்டர் மேஜையில் வைத்ததும் முயல் பயத்தில் உறைந்துபோய் உட்கார்ந்துவிடும். வீட்டில் நீங்கள் பார்த்ததை அங்கே அவர் பார்க்க முடியாது.

பின்னங்கால் இரண்டுமா, ஒன்று மட்டுமா? ஒரு கால் மட்டும் தொங்கினால் அந்தக் காலிலேயே எலும்பு முறிவோ மூட்டு விலகலோ இருக்கலாம். தலை சாய்ந்திருக்கிறதா? கண்மணி பக்கவாட்டில் படபடவென்று ஆடுகிறதா? பின்புறம் மூத்திரத்தில் நனைந்திருக்கிறதா? பாதத்தின் அடியில் முடி உதிர்ந்து சிவந்தோ புண்ணாகியோ இருக்கிறதா? கம்பித் தரைக் கூண்டில் வளரும் முயல்களுக்கு இந்தப் புண் அதிகம். வலி தாங்காமல் நடக்க மறுக்கும், பார்க்கிறவர்களுக்கு வாதம் வந்த மாதிரித் தெரியும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது புழுக்கை போட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வயிறு இயங்காமல் போனாலும் முயல் முதுகைக் குறுக்கிக்கொண்டு நகராமல் உட்காரும்.

வெயில் காலமா? 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குச் சிரமம்தான். காது கொதித்து, மூச்சு வாங்கி, துவண்டு படுத்திருந்தால் வெப்பத் தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, சாதாரண குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளைத் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். உடல் அதிர்ச்சிக்குப் போய்விடும்.

படி 3: இவற்றைக் கொடுக்காதீர்கள், செய்யாதீர்கள்

நம் வீடுகளில் சுளுக்கு என்றால் எண்ணெய் காய்ச்சித் தடவி நீவி விடுகிற பழக்கம் இருக்கிறது. முயலுக்கு வேண்டவே வேண்டாம். முறிந்த எலும்பை நீவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்கேல் வைத்துக் கட்டுப் போடுவதும் அதே போலத்தான்.

மனிதர்களுக்கான வலி மாத்திரை, நாய்க்கு வாங்கி மீதம் வைத்திருக்கிற மருந்து எதையும் கொடுக்காதீர்கள். அமாக்ஸிசிலின் மாதிரி ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தால், குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து முயல் இறந்தே போகலாம். நாய்களுக்கு உண்ணி போக முதுகில் விடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. மருந்துக்கடைக்காரர் சொன்னார் என்று இந்த விஷயத்தில் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

படி 4: அன்றைக்கே டாக்டரிடம்

போன் செய்து "முயல் பார்ப்பீர்களா?" என்று முதலில் கேளுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கிற கிளினிக்குகள் நிறைய. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகலாம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்கு அங்கங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆட்டோவில் போனால் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், குலுக்கல் குறையும். ஜோடி முயல் இருந்தால், அமைதியான சுபாவமாக இருக்கும்பட்சத்தில், கூடவே கொண்டுபோங்கள். வழியில் தின்னக் கொஞ்சம் புல் போடுங்கள். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. அதனால் மற்ற பிராணிகளைப் போல வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டியதில்லை. பட்டினி போடுவதுதான் ஆபத்து.

அங்கே எக்ஸ்ரே எடுப்பார்கள். முயலின் கால் விரலை அழுத்திப் பார்ப்பார்கள். கால் இழுத்துக்கொள்வது மட்டும் போதாது, வலி மூளைவரை எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்று கவனிப்பார்கள். எலும்பில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்து சந்தேகப்படுவது என்செபலிட்டோசூன் குனிகுலை என்ற ஒட்டுண்ணியை. முயல்களின் மூத்திரம் வழியாகப் பரவி, மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றைத் தாக்குகிற கிருமி அது. வெளியே தெரியாமல் உடலுக்குள் நீண்ட காலம் இருந்துவிட்டு, ஒருநாள் பின்னங்கால் தளர்ச்சியாகவோ தலைச் சாய்வாகவோ வெளிப்படும். ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் அந்தக் கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்றுதான் பொருள். இப்போதைய நோய்க்கு அதுதான் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வழக்கமான சிகிச்சை ஃபென்பெண்டசோல் என்ற மருந்து, 28 நாட்கள். நாலு நாளில் நடக்கவில்லையே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். தலைச் சாய்வுக்கு உட்காதில் சீழ் பிடிப்பதும் பெரிய காரணம், முக்கியமாகக் காது தொங்கும் வகை முயல்களில். அதற்கு மருந்து வேறு.

படி 5: வீட்டுப் பராமரிப்பு

எழுந்து நடக்க முடியாத முயலைப் பெரும்பாலும் கெடுப்பது முதல் நோய் அல்ல, பின்னால் வருகிறவை: தேங்கிய மூத்திரம், வெந்துபோன தோல், நின்றுபோன வயிறு, ஈ வைத்த புழு. இந்த நான்கையும் கையால் தடுக்க முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படுக்கைக்கு அடியில் குழந்தைகளுக்குப் போடும் உறிஞ்சும் ஷீட், அதன்மேல் கெட்டியாக மடித்த போர்வை, எல்லாவற்றுக்கும் மேலே ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கைக் கம்பளித் துணி. ஃபிளீஸ் ஈரத்தைக் கீழே இறக்கிவிட்டு மேலே காய்ந்தே இருக்கும். பழைய காட்டன் வேட்டியும் சரிதான், ஆனால் நனைந்த உடனே மாற்ற வேண்டும். நூல் பிரிந்த துணி வேண்டாம். நகம் மாட்டும், கடித்து விழுங்கவும் செய்யும். தானாகத் திரும்ப முடியாத முயலைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

பின்பக்கம் செயலிழந்த முயலுக்கு மூத்திரம் தானாக வெளியேறாமல் போகலாம். சொட்டுச் சொட்டாகக் கசிவதைப் பார்த்து "போகிறதே" என்று இருந்துவிடாதீர்கள். மூத்திரப்பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். நிரம்பிய பை அடிவயிற்றில் சின்ன எலுமிச்சம்பழம் மாதிரி கையில் தட்டுப்படும். அதை மெல்ல அழுத்தி வெளியேற்ற டாக்டர் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும். வீடியோவைப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள், பலமாக அழுத்தினால் பை கிழிந்துவிடும். முயலின் மூத்திரம் இயல்பாகவே சுண்ணாம்புச் சத்தால் கலங்கலாக இருக்கும், சில கீரைகளைத் தின்றால் சிவப்பாகக்கூடப் போகும். கெட்டியாகக் குழம்பு மாதிரி வந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

முழுசாகக் குளிப்பாட்டாதீர்கள். நனைந்த பின்புறத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, துண்டால் ஒற்றி, முடியின் அடிவரை காய வையுங்கள். காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்கள். அழுக்கான முடியில் ஈ முட்டை வைத்தால், ஒரு நாளுக்குள் புழு வந்து தோலுக்குள் இறங்கிவிடும். கூண்டுக்குக் கொசுவலை போடுவது இதற்காகத்தான். ஒரு புழு கண்ணில் பட்டாலும் அது அவசர நிலை.

சாப்பாட்டில் வழக்கம்போல உலர்ந்த புல்தான் முக்கியம். அருகம்புல், கொத்தமல்லித்தழை எல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட வாய்க்கருகே நீட்டுங்கள். தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். பாட்டிலை அண்ணாந்து குடிக்க முடியாது, தட்டையான கனமான கிண்ணம் வையுங்கள். இன்னொன்று: முயல் தன் மெத்தென்ற, கொத்தான புழுக்கையைப் பின்புறத்திலிருந்தே நேராகத் தின்னும். அதில்தான் வைட்டமின்கள் இருக்கின்றன. இப்போது குனிய முடியாததால் அது ஒட்டிக்கொண்டு கிடக்கும். எடுத்து வாயருகே வைத்தால் சாப்பிட்டுவிடும், அருவருப்புப் படாதீர்கள். 10, 12 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லையென்றால் ராத்திரியானாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் சொன்னால், ஊறவைத்து அரைத்த பெல்லட்டை (கடையில் விற்கும் முயல் தீவனம்) ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டில், முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் ஒரு மில்லி ஒரு மில்லியாக, மென்று விழுங்கிய பிறகு அடுத்தது. மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினால் புரையேறும்.

தலை சாய்ந்த முயலுக்குப் பெட்டி சின்னதாக, நாலு பக்கமும் சுருட்டிய துண்டோடு இருக்கட்டும், உருண்டாலும் அடிபடாது. தரைப் பக்கம் இருக்கும் கண் உராய்ந்து புண்ணாகும். அதற்குச் சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள். தலை கொஞ்சம் சாய்ந்தபடியே நிலைத்துவிட்ட முயல்கள் அதற்குப் பழகி, நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி வருடக்கணக்கில் வாழ்கின்றன.

முதுகெலும்பு முறிந்து, வலி உணர்வே இல்லாமல் போன முயலின் கதை வேறு. சக்கர வண்டி, இருபத்து நாலு மணி நேர உதவி என்று சில வீடுகளில் சமாளிக்கிறார்கள். முயல் சாப்பிடுவதை நிறுத்தி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, தோல் ஆறாமல் கிடந்தால், கருணையோடு வழியனுப்புவதைப் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அது கைவிடுவது ஆகாது.

வீட்டில் வேறு முயல்கள் இருந்தால், ஒட்டுண்ணிச் சந்தேகம் தீரும்வரை மூத்திரம் பட்ட துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுங்கள். தண்ணீர்க் கிண்ணங்களைத் தினமும் கழுவுங்கள். ஏற்கெனவே ஒன்றாக வாழ்கிற ஜோடியைப் பிரிப்பதால் பெரிய லாபமில்லை. இரண்டுக்கும் கிருமி பட்டிருக்க வாய்ப்பு அதிகம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தால், கூண்டு சுத்தம் செய்கிற வேலையை மட்டும் வேறொருவர் செய்யட்டும்.